கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்து மெய்யியல் பட்டம்: எங்கே தொடங்குவது, எதை முதலில் எடுப்பது

மெய்யியல் படிக்க ஆசைப்படும் மலேசிய மாணவர் முதலில் சோர்ந்து போகும் இடம் யூபியு, அதாவது அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்பப் பட்டியல். மேலிருந்து கீழ்வரை தேடினாலும், பொது மெய்யியலை மட்டும் முதன்மைப் பாடமாக வைத்த இளங்கலை கண்ணில் படுவது அரிது. ‘நம் ஊரில் இதற்கு வழியில்லை’ என்று முடிவுகட்டி, கிடைத்த பாடத்தில் பலர் சேர்ந்துவிடுகிறார்கள். வழி இருக்கிறது. ஆனால் அது ஒரே பெயரில், ஒரே கட்டடத்தில் இல்லை. துண்டு துண்டாகக் கிடப்பதை நீங்கள்தான் சேர்த்துத் தைக்க வேண்டும். அந்தத் தையலைப் படிவம் 6 முடிவதற்குள் வரைந்துகொண்டால் மூன்று நான்கு ஆண்டுகள் வீணாகாது.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் வீடுகளில் ‘தத்துவம்’ என்றால் நாட்காட்டித் தாளில் அச்சாகும் பொன்மொழி. சைவ சித்தாந்த வகுப்பில் அதே சொல் நாதம் முதல் நிலம் வரை எண்ணப்படும் 36 தத்துவங்களைக் குறிக்கும். பல்கலைக்கழகத்தில் நடப்பது இரண்டுமல்ல. ஒரு கூற்றை எந்தக் காரணத்தின் மேல் நிறுத்துகிறோம், அந்தக் காரணம் அதைத் தாங்குமா என்று பார்க்கிற வேலை அது. ஆகவே இங்கே மெய்யியல் என்றே எழுதுகிறோம். வீட்டில் அப்பா அம்மாவிடம் பேசும்போதும் இந்த வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுங்கள். ‘சாமியாராகப் போகிறானா?’ என்ற பயம் பாதி அங்கேயே தீரும்.

இது உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க மூன்று மாலைப் பொழுதுகள் போதும். பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட் 1641-இல் வெளியிட்ட தியானங்களில் முதல் தியானம் சில பக்கங்களே; பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நாள் வாசியுங்கள். இரண்டாம் நாள், அவர் சொல்லும் வாதத்தை எண் போட்டு ஆறேழு வரிகளாக உங்கள் சொந்தத் தமிழில் எழுதுங்கள். மூன்றாம் நாள், எந்த எண் வலுவற்றது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டாம் நாள் வேலை சலிப்பாக இருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்குச் சுமையாகும். மேற்கோள்கள் பிடித்திருக்கின்றன என்பதற்காக மட்டும் யாரும் இதில் சேர வேண்டாம்.

வழிகள்

உள்ளூர் வழியே பெரும்பாலான குடும்பங்களுக்கு ஏற்றது. செலவு தாங்கும்; பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான் கிடைக்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் மூன்று கதவுகளைத் தட்டிப் பாருங்கள். 1956-இல் தொடங்கிய இந்திய ஆய்வியல் துறையில் தமிழும் இந்தியச் சிந்தனை மரபும் சேர்ந்து வரும். அறிவியல் புலத்தில் இருக்கும் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வியல் துறை, அறிவியலின் வரலாறும் மெய்யியலும் கற்பிக்கும் இடம்; எஸ்.டி.பி.எம். (படிவம் 6 இறுதித் தேர்வு) அறிவியல் பிரிவு மாணவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. மூன்றாவது, வரலாறு அல்லது ஆங்கில இலக்கியத்தை முதன்மைப் பாடமாக எடுத்து, வெளித்துறைப் பாடங்களுக்குரிய இடங்களை எல்லாம் மெய்யியலால் நிரப்புவது.

பினாங்கில் இருப்பவர்களுக்கு அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது யூ.எஸ்.எம்., முதன்மைப் பாடத்தோடு துணைப் பாடமும் எடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டது. மனிதவியல் பள்ளியின் பாடக் கையேட்டை இறக்கி, மலாய்ச் சொற்களைக் கொண்டு தேடுங்கள்: ஃபல்சஃபா (மெய்யியல்), லோகிக் (அளவையியல், அதாவது வாதம் செல்லுமா என்று பார்க்கும் கலை), எத்திகா (அறவியல்), பெமிகிரான் (சிந்தனை), பெராடாபான் (நாகரிகம்). பாடத்தின் பெயரில் மெய்யியல் இல்லாமலே உள்ளே பாதி மெய்யியலாக இருக்கும் பாடங்கள் இப்படித்தான் அகப்படும். பினாங்கில் மெய்யியல் புதிதும் அல்ல. கத்தோலிக்கக் குருமாணவர்களுக்கான பொதுக் குருத்துவக் கல்லூரி 1665-இல் அயுத்தியாவில் தொடங்கி, இடையில் புதுச்சேரியை ஒட்டிய வீராம்பட்டினத்தில் நடந்து, 1808-இல் பினாங்கு வந்தது. குருவாகப் பயில்பவர்களுக்கான இடம் என்பதால் பொது மாணவர்களுக்கு இது வழியாகாது.

2019 முதல் பல்கலைக்கழகங்களில் கட்டாயமாக்கப்பட்ட ‘ஃபல்சஃபா டான் இசு செமாசா’ (மெய்யியலும் நடப்புச் சிக்கல்களும்) பாடத்தைப் பலர் தேர்ச்சிக்காக மட்டும் கடந்து போகிறார்கள். மெய்யியல் மாணவர் அப்படிச் செய்யக்கூடாது. அந்த வகுப்பை நடத்துபவர் மெய்யியல் பயின்றவரா என்று விசாரியுங்கள். அப்படியானால் உங்கள் முதல் வழிகாட்டி கிடைத்துவிட்டார். ஆனால் பின்னாளில் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த ஒன்றை மட்டும் காட்டி ‘மெய்யியல் படித்தேன்’ என்று சொல்ல முடியாது.

சிங்கப்பூரில் என்.யூ.எஸ்., என்.டி.யூ. ஆகிய பல்கலைக்கழகங்கள் இரண்டிலும் முழு மெய்யியல் பட்டம் உண்டு, எஸ்.டி.பி.எம். ஏற்கப்படும். நான்கு ஆண்டுகள். கல்விக் கட்டண மானியம் வாங்கினால் படிப்பு முடிந்து மூன்று ஆண்டு சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒப்பந்தம் உண்டு. கையெழுத்திடும் முன் வீட்டார் அதைப் படித்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் மூன்று ஆண்டுகள், ஸ்காட்லாந்தில் நான்கு. வெளிநாட்டு மாணவருக்குக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 20,000 பவுண்டைத் தாண்டுவது வழக்கம். உதவித்தொகை கைக்கு வராமல் இந்த வழியில் இறங்க வேண்டாம். ஆஸ்திரேலிய இளங்கலையில் பொதுவாக 24 பாடங்கள். முதன்மைப் பாடத்துக்கு எட்டு. மீதி இடத்தில் பொருளாதாரமோ கணினியோ சேர்க்கலாம் என்பது அதன் பலம். சென்னையும் உண்டு. ராதாகிருஷ்ணன் மெய்யியல் பயின்ற சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்தில் இருக்கிறது. இந்திய மெய்யியலில் ஆழமாகப் போக விரும்புவோர் சென்னைப் பல்கலைக்கழகத்தை முதுகலைக்கு மனதில் வைக்கலாம்.

எங்கே போனாலும் எம்.கியூ.ஏ., அதாவது மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரத்தைப் பணம் கட்டுவதற்கு முன் சரிபாருங்கள். கட்டிய பிறகு சரிபார்ப்பதில் பயனில்லை.

எங்கள் கருத்து: வசதி நடுத்தரமாக இருந்தால் இளங்கலையை இங்கே முடித்து, முதுகலையை மெய்யியலில் வெளியே செய்வதே நல்ல வழி. அந்த முதுகலைக்குப் பல இடங்களில் கேட்பது மூன்று: சில மெய்யியல் பாடங்களில் நல்ல மதிப்பெண், முறையான அளவையியல் பயிற்சி, 2,000 முதல் 5,000 சொற்களில் ஒரு மாதிரிக் கட்டுரை. இந்த மூன்றையும் முதலாண்டிலிருந்தே குறிவையுங்கள்.

மணிக்கணக்கு

மலேசியாவில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேர உழைப்பு. மூன்று கிரெடிட் பாடம் 120 மணி. 14 வாரங்களுக்குப் பிரித்தால் வாரம் எட்டரை மணி. விரிவுரையும் டுட்டோரியலும் மூன்று மணி போனால், ஐந்தரை மணி நீங்கள் தனியே உட்கார வேண்டும். ஒரு செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்தால் வாரம் 43 மணி. மெய்யியல் பாடம் இரண்டுக்கு மேல் ஒரே செமஸ்டரில் வேண்டாம். வாசிப்புப் பக்கங்கள் குறைவாகத் தெரியும். 20 பக்கக் கட்டுரை ஒன்றை உருப்படியாக வாசிக்க மூன்று மணி ஆகும்.

இங்கிலாந்தில் ஒரு கிரெடிட் 10 மணி. அதனால் உங்கள் மூன்று கிரெடிட் பாடம் அங்கே 12-க்குச் சமம். 20 கிரெடிட் பாடம் ஒன்றை அதை வைத்து விடுவித்துக்கொள்ளலாம் என்று எண்ணினால் ஏமாற்றம்தான். உள்நாட்டிலேயே பல்கலைக்கழகம் மாறினாலும், பாடத்தின் உள்ளடக்கம் பொதுவாக 80 விழுக்காடு ஒத்திருக்க வேண்டும், மதிப்பெண் சி-க்குக் குறையக்கூடாது.

எதை எப்போது எடுப்பது

அளவையியலை முதல் ஆண்டிலேயே எடுங்கள். மூன்றாம் ஆண்டுக்குத் தள்ளுவதே மாணவர்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. கணக்கு போல இருக்கிறது என்று அஞ்சித் தள்ளுகிறார்கள். பிறகு இரண்டாம் ஆண்டுக் கட்டுரைகள் சிலவற்றில் குறியீடுகள் வரும்போது முழிக்கிறார்கள். வளாகத்தில் பாடமே இல்லையென்றால் கணிதப் புலத்தில் தனிநிலைக் கணிதப் (டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ்) பாடத்தை எடுங்கள். அதன் முதல் சில வாரங்கள் அளவையியல்தான்.

தமிழ் வழி வந்தவர்களுக்கு இது அந்நியமான கலை அல்ல. மணிமேகலையின் 29-ஆவது காதையில் மலை நெருப்புடையது, புகையிருப்பதால், அடுக்களை போல என்று பக்கம், ஏது, திட்டாந்தம் என அடுக்கிக் காட்டும் பகுதி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனால், ‘காரணம் எந்த இடத்தில் வேலை செய்கிறது’ என்ற கேள்வி பழகியிருக்கும்.

தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று: மழை பெய்தால் ஃபெடரல் நெடுஞ்சாலையில் நெரிசல், இப்போது நெரிசல், ஆகவே மழை பெய்திருக்கிறது. விபத்தும் நெரிசலை உண்டாக்கும் என்பதால் இந்த வாதம் செல்லாது. எடுத்துக்காட்டில் எல்லாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். சொந்தக் கட்டுரையில் அதே தவறைச் செய்வார்கள். மற்றொன்று இன்னும் நுட்பமானது. ‘யாரோ ஒருவர் சாவியை எடுத்தார்’ என்ற கூற்றிலிருந்து அந்த ‘யாரோ’வுக்கு ஒரு பெயர் வைத்து வாதத்தைத் தொடரலாம். ஆனால் அது அந்த வாதத்தில் அதுவரை வராத புதுப் பெயராக இருக்க வேண்டும். மேலே ஏற்கெனவே வந்த மாரியின் பெயரை எடுத்துப் போட்டால், சான்றே இல்லாமல் மாரியைத் திருடனாக்கிவிட்டீர்கள். தேர்வில் அளவாக்கி விதிகளில், அதாவது ‘எல்லாரும்’, ‘யாரோ ஒருவர்’ போன்ற சொற்களுக்கான விதிகளில், மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான். வாரம் பத்துக் கணக்கு, கையால், விடையைப் பார்க்காமல். வேறு குறுக்குவழி கிடையாது.

முதல் ஆண்டில் அளவையியலோடு அறவியல் ஒன்று. இரண்டாம் ஆண்டில் அறிவைப் பற்றிய ஒரு பாடம், இருப்பைப் பற்றிய ஒரு பாடம், வரலாறு இரண்டு: பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஒன்று, டெக்கார்ட் முதல் கான்ட் வரை ஒன்று. அதோடு இந்திய, இசுலாமிய, சீன மெய்யியலில் ஏதேனும் ஒன்றை விடாதீர்கள். மூன்று மரபுகளும் ஒரே நகரத்தில் உயிரோடு இருக்கும் ஊர் நம்முடையது. அவற்றுக்கான நூலகங்களும் அறிஞர்களும் பக்கத்திலேயே. மூன்றாம் ஆண்டில் இரண்டு ஆழமான பாடங்களும் ஆய்வேடும். அறிமுகப் பாடங்களாகவே ஆறேழு சேர்த்துக்கொள்வது இன்னொரு பொறி: பட்டியல் நீளமாக இருக்கும், ஒன்றிலும் ஆழம் இருக்காது. ஏதாவது ஒரு பகுதியில் அறிமுகம், இடைநிலை, மேல்நிலை என்று மூன்று படி ஏறியிருக்க வேண்டும்.

மேல்நிலைப் பாடங்களுக்கு முன்தகுதிப் பாடம் உண்டா, அது இரண்டு செமஸ்டருக்கு ஒருமுறைதான் நடக்கிறதா என்று முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முன்தகுதி தவறினால் ஓராண்டு தள்ளிப்போகும்.

கட்டுரை எழுதுவது

பட்டத்தின் தரம் கட்டுரையில்தான் தெரியும். ஆகவே இதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். கேள்வி இது: பொய் சொல்வது எப்போதும் தவறா? 1,500 சொற்கள்.

தமிழ் மாணவர் உடனே பிடிப்பது 292-ஆவது குறளை: குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும். எதிர்ப்பக்கம் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ட். கொலை செய்ய வந்தவன் ‘உன் நண்பன் உள்ளே இருக்கிறானா’ என்று கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-இல் எழுதினார். இதுவரை நல்ல தொடக்கம். பிறகு பெரும்பாலோர் செய்வது: அரைப் பக்கம் வள்ளுவர், அரைப் பக்கம் கான்ட், ‘இருவரும் தத்தம் வழியில் சரி’ என்று முடிப்பு. இதற்கு நடுத்தர மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது. இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்திருக்கிறீர்களே தவிர, மோதவிடவில்லை.

மோதல் எங்கே? ஒரு குறள் முன்னால் போங்கள். 291, வாய்மை என்றால் என்ன என்று கேட்டு, யாருக்கும் சிறிதும் தீமை இல்லாதவற்றைச் சொல்வதே என்று வரையறுக்கிறது. ஆகவே 292-ஐ இருவகையாகப் படிக்கலாம். ஒன்று: பொய் பொய்தான், ஆனால் இந்த இடத்தில் மன்னிக்கத்தக்கது. மற்றொன்று: வரையறையின்படி அது இப்போது வாய்மையாகவே ஆகிவிட்டது. முதல் வாசிப்பில் வள்ளுவர் கான்டோடு நேரே முரண்படுகிறார். இரண்டாம் வாசிப்பில் இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். கான்டுக்கு வாய்மை என்பது நினைப்புக்கும் சொல்லுக்கும் இடையிலான ஒப்பு, வள்ளுவருக்குச் சொல்லுக்கும் அதன் விளைவுக்கும் இடையிலான ஒப்பு. உங்கள் கட்டுரை இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, ‘வைக்கப்படும்’ என்று நாம் பொருள் கொண்ட ‘வாய்மை இடத்த’ என்ற தொடரைக் கொண்டே காரணம் காட்ட வேண்டும்.

அளவு இப்படி வரட்டும்: கேள்வியும் உங்கள் விடையும் 120 சொல்லில். இரண்டு நிலைப்பாடுகளின் விளக்கம் 450. உங்கள் வாதம் 450. உங்களுக்கு எதிரான மிக வலுவான மறுப்பு 300. அதற்கு உங்கள் பதில் 180. மறுப்பைக் கடைசிப் பத்தியில் ஒற்றை வரியாகத் திணித்து ‘ஆனால் இது பொருந்தாது’ என்று தள்ளுவது வாசிப்பவரை உடனே கோபப்படுத்தும். மறுப்பாளர் படித்தால் ‘ஆம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி எழுதுங்கள்.

மொழிச் சிக்கல் உண்மையானது. விரிவுரை ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். பலரும் சிந்திப்பது தமிழில். ஒரு தடித்த நோட்டில் நான்கு நெடுவரிசைகள் போட்டு, ஒவ்வொரு கலைச்சொல்லையும் மூன்று மொழியிலும் எழுதி, நான்காவதாக ஒரு சொந்த எடுத்துக்காட்டும் சேருங்கள். எடுத்துக்காட்டு எழுத முடியாத சொல் இன்னும் விளங்கவில்லை என்று கொள்ளலாம். முதல் வரைவைத் தமிழில் பேசிப் பதிவு செய்துவிட்டுப் பிறகு தேவையான மொழியில் எழுதுவதும் பயன் தருகிறது. காரணம் அறுந்த இடம் காதில் விழும்.

விண்ணப்பம்

எஸ்.டி.பி.எம். மூன்று தவணையாக நடக்கும். மெய்யியல் என்று தனிப்பாடம் அதில் இல்லை. வரலாறு, இலக்கியம், தமிழ், கணிதம் இவற்றிலிருந்து தேர்ந்தெடுங்கள். கணிதம் ஒன்று இருந்தால் அளவையியல் எளிதாகும். ஏ லெவல் படிப்பவர்களுக்குக் கேம்பிரிட்ஜின் சிந்தனைத் திறன் பாடம் உதவும்.

இங்கிலாந்துக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பின் வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். ஆக்ஸ்ஃபர்ட், கேம்பிரிட்ஜ் கடைசி நாள் அக்டோபர் 15. ஒரே ஆண்டில் இரண்டுக்கும் போட முடியாது. ஆக்ஸ்ஃபர்டில் மெய்யியல் தனியாகக் கிடையாது, எப்போதும் இன்னொரு பாடத்தோடுதான். மற்ற இடங்களுக்குக் கடைசி நாள் ஜனவரியில் வரும். அப்போது உங்கள் இறுதி முடிவு வந்திருக்காது. எனவே முதல் இரண்டு தவணையின் முடிவுகளைக் காட்டி, எதிர்பார்ப்பு மதிப்பெண் கடிதம் தரும்படி ஆசிரியரிடம் செப்டம்பரிலேயே கேளுங்கள். நம் இடைநிலைப்பள்ளிகளில் இது அன்றாட வேலை அல்ல, அவர்களுக்கும் நேரம் வேண்டும்.

யூகாஸ் விண்ணப்பத்தில் உங்களைப் பற்றி எழுதும் தன்விளக்கம் 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாக மாறியது. மொத்தம் 4,000 எழுத்துகள். ‘சிறுவயதிலிருந்தே வாழ்க்கையைப் பற்றி யோசிப்பேன்’ என்று தொடங்காதீர்கள். எந்த வாதத்தோடு முட்டிக்கொண்டீர்கள், அதில் எந்தப் படி தளர்ந்தது என்று எழுதுங்கள். மேலே சொன்ன மூன்று மாலை வேலை இங்கே கைகொடுக்கும்.

வீட்டாரும் வேலையும்

‘இதைப் படித்து என்ன வேலை?’ என்று அம்மா கேட்பது நியாயமான கேள்வி. மழுப்பக்கூடாது. மெய்யியல் தனியாக ஒரு தொழில் உரிமம் தராது. ஆகவே இரண்டாம் பாடம் ஒன்றைக் கட்டாயம் இணையுங்கள்: பொருளாதாரம், கணினி, உளவியல், மொழிபெயர்ப்பு, எது உங்களுக்குப் பிடிக்கிறதோ அது. வழக்குரைஞராவதே நோக்கம் என்றால் சட்டப் பட்டத்தையே எடுத்து, மெய்யியலை வெளிப்பாடமாக வையுங்கள். இரண்டு விடுமுறைகளில் வேலைப் பயிற்சிக்குப் போங்கள்: பதிப்பகம், நாளிதழ், கொள்கை ஆய்வு நிறுவனம், பெருநிறுவனங்களில் சட்டவிதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கப் பிரிவு. அங்கே எழுதிய ஒரு அறிக்கையும் உங்கள் சிறந்த கட்டுரையும் கையில் இருந்தால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

ஆய்வேடு பொதுவாக 8,000 முதல் 10,000 சொற்கள். வழிகாட்டியை இரண்டு செமஸ்டர் முன்பே அணுகுங்கள். ‘சுதந்திரம் பற்றி’ என்று போகாமல், ஒரே கேள்வி, இரண்டே மூல நூல், ஒரு பக்கச் சுருக்கம் என்று போனால் மறுக்கமாட்டார்கள். தமிழ் மூலத்தில் ஆய்வு செய்ய எண்ணினால், அதைப் படிக்கத் தெரிந்த இரண்டாம் மதிப்பீட்டாளர் கிடைப்பாரா என்பதை அந்த முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒரு கோப்பு. ஒவ்வொரு செமஸ்டரும் முடிந்த வாரமே பாடத்திட்டம், வாராந்திர வாசிப்புப் பட்டியல், திருத்திய கட்டுரை மூன்றையும் பி.டி.எஃப். ஆக்கிச் சேமியுங்கள். பாடத் தளங்கள் செமஸ்டர் முடிந்ததும் மூடப்படலாம். நான்கு ஆண்டு கழித்து முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பாடத்தில் என்ன படித்தீர்கள் என்று கேட்பார்கள், காட்டுவதற்கு அந்தக் கோப்புதான் இருக்கும்.